நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு

பாறக்கடவு பீடி சங்கத்தில் நாற்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். நாற்பத்தொரு பேர் பீடி சுற்றினார்கள். மிச்சமிருந்த ஒருவன் வாசித்தான். அவன் தாமோதரனின் தம்பி வல்சன்.

தாமோதரன் இதைப் பெருமையாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால், தண்ணீர்ப் பானை இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு முன்னால், "அதோ, உயரமான நாற்காலியில உக்காந்திருக்கானே, அவன் என் தம்பி" என்று ஒரு தகவலாக மட்டும் சொல்வான். பழைய ஆட்களுக்கும் மாதம் ஒருமுறை அந்தத் தகவல் கிடைத்துக்கொண்டிருந்தது.

காலையில் பத்திரிகை, மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு அரை மணி நேரம் நாவல். வாசிப்பவனுக்குக் கூலி குறையாமலிருக்க ஆளுக்கு ஐந்து பீடி அவன் பங்குக்குச் சுற்றிக் கொடுப்பது வழக்கம். தாமோதரன் பத்து கொடுத்தான். சுற்றுவதில் அவனுக்குக் கைத்திட்டம் அப்படி. இலையைத் தகடு வைத்து வெட்டினால் ஓரம் பிசிறாது. இருபத்தேழு வருஷத்தில் அவன் கட்டிய கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வல்சன் சுற்றிய பீடியோ ஒரு முனையில் கர்ப்பிணி மாதிரியும் மறுமுனையில் காசநோயாளி மாதிரியும் இருக்கும். அவன் ஒரு வருஷம் சுற்றினான். சோதிக்கிறவர் அவன் தட்டில் பாதியைக் கழித்துத் தள்ளுவார். பழைய வாசிப்புக்காரர் பார்வை மங்கி விலகியபோது வல்சனை நாற்காலியில் ஏற்றச் சொல்லி தாமோதரன் வரிசை வரிசையாகப் போய்ப் பேசினான். தம்பியின் குரலுக்காகத்தான் பேசினான். தம்பியின் பீடியிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

தாமோதரன் படித்தது நான்காம் வகுப்பு. அப்பா குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், வாரக் கடிதம் மாதக் கடிதமாகி, அதுவும் நின்றுபோனபோது அவனுக்குப் பதினொரு வயது, வல்சனுக்கு ஒன்று. அன்று மடியில் ஏறிய பீடித் தட்டு இன்னும் இறங்கவில்லை. தம்பியைப் பத்தாம் வகுப்பு வரை படிக்கவைத்தான். தனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் என்றாலும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஆகும், உதடும் அசையும். ஆகவே புத்தகங்களைக் காதால் படித்தான். அதுவும் தம்பியின் குரலில். அதைவிட நல்ல வாசிப்பு உலகத்தில் இருக்க முடியாது என்பது அவன் முடிவு.

படித்ததை எல்லாம் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிவைத்தான். புத்தகத்தின் பெயர், எழுதியவர், ஆரம்பித்த தேதி, முடிந்த தேதி, எத்தனை நாள், அழுதவர்கள் எத்தனை பேர். கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாக வேலை நிறுத்தி, அந்த நோட்டைப் பார்த்து வருஷத்தின் வாசிப்பை அவன் சொல்ல, எல்லோரும் சேர்ந்து சிறந்த புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

எழுபத்தேழாம் வருஷம் ஒன்பது புத்தகம் முடிந்தது. அவற்றில் ஒன்று ரஷ்ய மொழியிலிருந்து மொழிபெயர்ப்பாகி வந்த கனமான நாவல். அதில் ஆட்களின் பெயர்கள் ஒன்றுபோல முடிந்ததால் இரண்டாம் நாளே கூடம் அவர்களுக்கு ஊர்ப் பெயர் சூட்டிவிட்டது. குதிரைமேல் வரும் தளபதிக்குச் சங்கத்து மேஸ்திரி குஞ்ஞிராமனின் பெயர். தளபதி தோற்று ஓடிய வாரம் முழுக்க குஞ்ஞிராமன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒரு துப்பறியும் கதை வந்தது. கொலைகாரன் யார் என்று மூன்றாம் வரிசை நாராயணிச் சேச்சி முதல் நாளே சொல்லிவிட்டாள். "அந்த டாக்டர்தான். நல்லவன்னு எட்டு தடவை எழுதியிருக்கானே." சர்க்கரை வியாதியைப் பற்றிய புத்தகத்தை இரண்டு பேர் மட்டும் மூச்சுவிடாமல் கேட்டார்கள், இரண்டு பேருக்கும் அந்த வியாதி இருந்தது.

அந்த வருஷத்தின் தொந்தரவு வேறு. ஆகஸ்டுக்குள் மூன்று நாவலில் மூன்று கதாநாயகிகள் செத்திருந்தார்கள். மூன்றாவது சாவன்று நாராயணிச் சேச்சி கத்தரியைத் தட்டில் போட்டாள்.

"எடா வல்சா, இலை நனைக்கத்தான் இங்க தண்ணி வச்சிருக்கோம். கண்ணீரு வேண்டாம்."

"நானா சாகடிச்சேன் சேச்சி? எழுதியிருக்கு, வாசிக்கிறேன்."

"எழுதினவன் திருச்சூர்ல இருக்கான், கைக்கு எட்டமாட்டான். நீ எட்டுவே. இன்னொருத்தி செத்தா நீ இறங்கி வந்து தட்டை மடியில வச்சுக்கோ. நாங்க ரேடியோ வாங்கிக்கிறோம்."

கூடம் சிரித்தது. ஆனால் குஞ்ஞிராமன் மேஸ்திரி சிரிக்கவில்லை. ரேடியோ விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டார். அவருக்குத் தளபதி தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

செப்டம்பரில் வல்சன் எடுத்த புத்தகம் 'ஏழாவது படி'. விலங்காட்டு பரமேஸ்வரன் என்று ஒருவர் எழுதியது. யாரும் கேள்விப்பட்ட பெயர் அல்ல. சுமித்ரா என்ற பெண்ணைக் கல்யாணம் முடிந்த கையோடு விட்டுவிட்டுக் கணவன் பம்பாய்க்குப் போகிறான். அந்தக் கூட்டுக்குடும்பத் தறவாட்டின் பெரியவர் அவளுக்குச் சோறு போடும் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிக்காட்டுகிறார். பதினேழாம் நாள் வாசிப்பில் அவள் விடிகாலையில் குளத்துக்குப் போனாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள். நாற்பத்தொரு கத்தரிகள் நின்றன. ஏழாவது படியில் கால் வைத்தாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. வல்சன் பக்கத்தைத் திருப்பினான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். நாராயணிச் சேச்சியை ஒருமுறை பார்த்தான்.

"அப்போது," என்று வாசித்தான், "அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது."

கூடம் அதிர்ந்தது. "அதானே!" என்று நாராயணிச் சேச்சி எழுந்தே நின்றுவிட்டாள். "சோத்தை அடுப்புல வச்சுட்டு எந்தப் பொம்பளைடா சாவா?"

அதற்குப் பிறகு அது வேறு கதையாக ஓடியது. சுமித்ரா ஈரப் புடவையோடு திரும்பி வந்தாள், சோற்றை இறக்கினாள், சாப்பிட்டாள், பெரியவருக்கு வைக்கவில்லை. படகுத்துறையில் சாயாக்கடை போட்டாள். தலச்சேரி கோர்ட்டில் வழக்குப் போட்டு வீட்டில் பங்கு வாங்கினாள். இருபத்தாறாம் நாள் கணவன் பம்பாயிலிருந்து வந்தான். சாயாக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சாயா ஆற்றியபடியே கேட்டாள்: "சக்கரை போடணுமா? பன்னிரண்டு வருஷமாச்சு, மறந்துபோச்சு."

பெண்கள் வரிசையில் ஒருத்தி கைதட்டினாள். ஆண்கள் வரிசையில் இருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். தாமோதரன் கையிலிருந்த இலை கிழிந்தது.

அது அவன் அம்மா சொன்ன சொல். அப்பா ஒன்பது வருஷம் கழித்துக் குடகிலிருந்து வந்து முற்றத்தில் உட்கார்ந்தபோது, பால் சேர்க்காத கட்டஞ்சாயாவோடு வந்த அம்மா கேட்ட கேள்வி. வருஷக் கணக்கு மட்டும்தான் வேறு. எங்கோ உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்கு நம் வீட்டு முற்றத்தில் நடந்தது எப்படித் தெரிந்தது என்று அவன் மலைத்துப்போனான். அம்மா செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அன்று நோட்டின் குறிப்புக் கட்டத்தில் எழுதினான்: "பெரிய எழுத்தாளருக்கு எல்லார் வீடும் தெரியும்." தம்பியிடம் காட்டினான். வல்சன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி வெளியே போய்விட்டான். தம்பிக்கும் அம்மா நினைவு வந்துவிட்டது என்று தாமோதரன் நினைத்தான்.

டிசம்பரில் ஓட்டு நடந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தட்டு. பிடித்த தட்டில் ஓர் இலை போட வேண்டும். ரஷ்ய நாவலுக்கு மூன்று. சர்க்கரை வியாதிக்கு இரண்டு. மிச்சம் முப்பத்தாறும் 'ஏழாவது படி'க்கு விழுந்தது. சங்கத்தின் வரலாற்றில் அப்படி ஒரு வெற்றி நடந்ததில்லை. உற்சாகத்தில் குஞ்ஞிராமன் மேஸ்திரி எழுத்தாளருக்கே கடிதம் எழுதிவிட்டார்: ஜனவரி கடைசி ஞாயிறு பாராட்டுக் கூட்டம், கட்டாயம் வரவும். பதில் இன்லாண்டு கடிதத்தின் மூன்று பக்கமும் நிறைந்து வந்தது. ஒற்றப்பாலத்துப் பக்கம் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறாராம். புத்தகம் வந்து நான்கு வருஷத்தில் ஒரு வாசகரிடமிருந்து வரும் முதல் கடிதம் இதுதானாம். ரயிலுக்கு விசாரித்துவிட்டாராம்.

கூட்டத்தில் அந்த வருஷ வாசிப்பு அறிக்கையைப் படிப்பதும் நன்றி சொல்வதும் தாமோதரன் பொறுப்பு. வெளியூர் ஆள் வருகிறார் என்பதால் அறிக்கையில் பக்க எண்ணிக்கையும் சேர்த்தால் முழுமையாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. தம்பியைக் கேட்டான்.

"எடா, 'ஏழாவது படி' எத்தனை பக்கம்?"

வல்சன் சவரம் செய்துகொண்டிருந்தான். "முன்னூறு இருக்கும்."

"இருக்கும்னா? சரியாச் சொல்லு."

"புஸ்தகத்தை வாசகசாலையில கொடுத்துட்டேன் ஏட்டா. பைண்டிங்குக்குப் போயிருக்கும். முன்னூறுன்னு போட்டுக்கோங்க. யாரு எண்ணப் போறா?"

அது தாமோதரனிடம் கேட்கக்கூடாத கேள்வி. அவன் வழக்கமாக எண்ணுவான். ஒரு நாளைக்கு வல்சன் வாசிப்பது ஒன்பது பக்கம், சில நாள் கூடும், சில நாள் குறையும். முப்பத்தொரு நாள். இருநூற்று எழுபத்தொன்பது வர வேண்டும். முன்னூறு கொஞ்சம் அதிகம். மறுநாள் வேலை விட்டதும் வாசகசாலைக்குப் போனான்.

புத்தகம் பைண்டிங்குக்குப் போகவில்லை. அலமாரியில்தான் இருந்தது. வாசகசாலைக்காரர் சசீந்திரன் எடுத்துக் கொடுத்தபோது அது கையில் கனமே இல்லாமல் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். நூற்று நாற்பத்தெட்டு.

"ரெண்டாம் பாகத்தையும் கொடு சசி."

"ரெண்டாம் பாகமா?" சசீந்திரன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அந்தப் பொண்ணுதான் குளத்துல விழுந்து செத்துட்டாளே தாமோதரேட்டா. செத்த பிறகு என்ன பாகம்?"

தாமோதரன் பெஞ்சில் உட்கார்ந்து, விரல் வைத்து, உதடு அசைத்து, கடைசிப் பக்கத்தைப் படித்தான். ஏழாவது படியில் கால் வைத்தாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. பிறகு கழுத்தை. பிறகு குமிழிகளைப் பற்றி மூன்று வரி. பிறகு அச்சகத்தின் பெயர்.

முதலில் அவனுக்கு வந்தது பயம். ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர் வருகிறார். நாராயணிச் சேச்சி சாயாக்கடையைப் பற்றிப் பேசுவாள். அவர் எந்தச் சாயாக்கடை என்பார். அத்தோடு நாற்காலி போச்சு. பத்து வருஷமாக நாற்பத்தொரு பேரை ஏமாற்றினான் என்று பேச்சு வரும், இந்த ஒரு புத்தகம் என்று யார் நம்புவார்கள்? வல்சன் தட்டை மடியில் வைக்க வேண்டும். அந்தப் பீடிகளை நினைத்ததுமே தாமோதரன் புத்தகத்தை மூடிச் சசீந்திரனிடம் நீட்டினான்.

வீட்டில் வல்சன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"நூத்தி நாப்பத்தெட்டு," என்றான் தாமோதரன்.

வல்சனின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு, "சேச்சி ரேடியோன்னு சொன்னாளே ஏட்டா," என்றான். "மேஸ்திரியும் எழுதிக்கிட்டாரு. அந்தப் பொண்ணு அன்னிக்கே சாகணும்னு இருந்தது. நான் ஒரு நாள் தள்ளிப் போடலாம்னுதான் அடுப்புல சோறு வச்சேன். மறுநாள் வந்து பார்த்தா எல்லாரும் முன்னாடியே கஞ்சி குடிச்சு முடிச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க. எப்படிச் சாகடிக்கிறது?"

"பதினாலு நாளாடா!"

"கோர்ட் கேஸ் இழுத்துருச்சு."

தாமோதரன் கல்லில் உட்கார்ந்தான். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. "அம்மா சொன்னதை எதுக்கு எடுத்தே?"

"வேற எனக்கு என்ன தெரியும்? போன புருஷன் திரும்பி வந்தா ஒரு பொம்பளை என்ன கேப்பான்னு நான் ஒரே ஒரு தடவைதானே கேட்டிருக்கேன். கதவுக்குப் பின்னாடி நின்னு."

திட்டுவதற்குத்தான் தாமோதரன் நிமிர்ந்தான். மூன்று மாதமாக அவன் மலைத்துக்கொண்டிருந்த பெரிய எழுத்தாளர் எதிரே நின்று காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவன் குஞ்ஞிராமன் மேஸ்திரியிடம் போனான். "வாசகர் பேச்சு எதுக்கு மேஸ்திரி? வர்றவருக்கு மாலை போட்டு, சாயா கொடுத்து, ரயில் ஏத்திவிட்டா போதாதா?"

"நல்லா இருக்கே! நாராயணி ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாக்குறா. அவ பேச்சை நிறுத்துறதுன்னா நீயே போய்ச் சொல்லு. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

ஞாயிறு வந்தது. எழுத்தாளர் ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, கையில் குடை. மேடை என்று போட்டிருந்த இரண்டு பெஞ்சின் மேல் நாற்காலியில் உட்கார்ந்து, மாலை போட்ட புத்தகத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டார். தன் புத்தகத்துக்குத்தான் மாலையா என்று உறுதிசெய்துகொள்வது போல. வல்சன் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

தாமோதரன் அறிக்கையைப் படித்தான். பக்க எண்ணிக்கையை எந்தப் புத்தகத்துக்கும் சொல்லவில்லை. பிறகு நாராயணிச் சேச்சி எழுந்தாள்.

"சாரே, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா இந்தப் புஸ்தகத்தை எனக்கு மனப்பாடமாத் தெரியும்." எழுத்தாளர் கூச்சத்தோடு சிரித்தார். "முன்னாடி எல்லாம் எழுதறவங்க பொம்பளைங்களைச் சாகடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் குளத்துல இருந்து கூட்டிக்கிட்டு வந்தீங்க."

அவர் சிரிப்பு அங்கேயே நின்றது.

"சோறு ஞாபகம் வந்து திரும்பினா பாருங்க, அது ஆம்பளைக்குத் தோணாது சாரே. உங்களுக்குத் தோணியிருக்கு. அப்புறம் அந்தச் சாயாக்கடை. கோர்ட்ல வக்கீலு 'நீ யாரு?'ன்னு கேட்டதுக்கு, 'நான் சாகாதவ'ன்னு சொன்னா பாருங்க..." சேச்சி ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். பின்வரிசையிலிருந்து யாரோ, "சக்கரையைச் சொல்லு, சக்கரையை!" என்று குரல் கொடுத்தார்கள். "சொல்றேன், இருடா! புருஷன் வந்து உக்காந்தப்ப கேட்டா பாருங்க, 'சக்கரை போடணுமா? பன்னிரண்டு வருஷமாச்சு, மறந்துபோச்சு'ன்னு. அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை போடாமயே சாயா கொடுத்தேன். அவரு எங்கயும் போகலை, பாவம். இருந்தாலும் கொடுத்தேன்."

கூடம் முழுக்க கைதட்டியது. எழுத்தாளர் மேசையிலிருந்த புத்தகத்தின் அட்டையைக் குனிந்து பார்த்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. எழுந்தார். அவர் வாயைத் திறந்தபோது தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டான். வாசலருகே வல்சன் பாதி எழுந்துவிட்டான்.

"நீங்க சொல்ற அந்தச் சாயாக்கடை..." என்று எழுத்தாளர் ஆரம்பித்தார். நிறுத்தினார். முன்வரிசையில் நாராயணிச் சேச்சி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருஷம் ஒரு கடிதம்கூட வராத மனிதர் அவர்.

"...அதை எழுதறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்," என்றார்.

தாமோதரன் கண்ணைத் திறந்தான். வல்சன் மெல்ல உட்கார்ந்தான். கைதட்டல் ஓயவில்லை. நாற்காலி பிழைத்தது. ஒரு வாரமாகத் தாமோதரன் வேண்டிக்கொண்டது இதைத்தான். கிடைத்ததும் ஒரு நிமிஷம்தான் நிம்மதியாக இருந்தது.

எழுத்தாளருக்குக் குரல் கூடிக்கொண்டே போனது. சாயாக்கடைக்காரப் பெண் ஒருத்தியைப் பட்டாம்பியில் பார்த்தாராம். கோர்ட் நடைமுறைக்காக ஒரு வக்கீலோடு ஆறு மாதம் பழகினாராம். "அந்தச் சக்கரை வரி இருக்கே," என்றார், "அது யோசிச்சு எழுதினது இல்ல. பாரதப்புழையில குளிச்சுக்கிட்டு இருந்தப்ப, தானா வந்தது."

தாமோதரனின் காது சூடானது. தானாக வரவில்லை. அம்மா ஒன்பது வருஷம் அரை வயிறு கஞ்சி குடித்துச் சேர்த்துவைத்த சொல் அது. பத்து வயதுப் பையன் கதவிடுக்கில் நின்று கேட்டு, பதினெட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்தது. பாரதப்புழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சற்று முன்பு வரை இந்த மனிதர் 'என்னுடையது இல்லை' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தவனுக்கு, இப்போது அவர் அப்படிச் சொல்லமாட்டேன் என்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. எழுந்து உண்மையைச் சொன்னால் தம்பிக்குப் பெருமை கிடைக்கும், நாற்காலி போகும். சும்மா இருந்தால் நாற்காலி இருக்கும், பெருமை பாரதப்புழையில் போகும்.

"இப்போது தாமோதரன் நன்றி சொல்வார்," என்றார் குஞ்ஞிராமன் மேஸ்திரி.

அவன் எழுதிவைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டான். மேடையின் பக்கம் திரும்பினான்.

"பாறக்கடவு சங்கத்தின் சார்பா," என்றான், "விலங்காட்டு பரமேஸ்வரன் சாருக்கு நன்றி சொல்றேன். 'ஏழாவது படி' நாவல்ல ஒண்ணாம் பக்கத்துல இருந்து நூத்தி நாப்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும் எழுதிக் கொடுத்ததுக்கு நன்றி. ஒவ்வொரு பக்கத்துக்கும் நன்றி. சங்கம் அதை மறக்காது. வணக்கம்."

கூடம் கைதட்டியது. தாமோதரன் எதையும் எண்ணிச் சொல்பவன் என்பது எல்லோருக்கும் தெரியும். நன்றியையும் எண்ணிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். "பக்கம் மறந்துபோச்சோன்னு பயந்தேன்," என்று யாரோ கேலி செய்தார்கள். எழுத்தாளர் மட்டும் கைதட்டவில்லை. கையிலிருந்த சாயாக் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனவர், குடிக்காமல் கீழே வைத்தார்.

ஜீப் வந்து நின்றபோது அவர் குடையை மறந்தவர் போலத் திரும்பி வந்தார். தாமோதரன் வாழைப்பழச் சீப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நூத்தி நாப்பத்தெட்டுக்கு அப்புறம் யாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

தாமோதரன் பார்த்தான். மேஸ்திரி ஜீப் ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தார். நாராயணிச் சேச்சி எட்டி நின்றாள். வருஷக்கணக்கில் கேட்காதவர்களிடம் எல்லாம் சொல்லிவந்த தகவலை, முதல்முறையாக ஒருவர் கேட்டு வாங்குகிறார்.

"என் தம்பி," என்றான். "அவனுக்குப் பீடி சுத்த வராது."

எழுத்தாளர் தலையாட்டினார். அவர் முகம் பதிவாளர் அலுவலக எழுத்தரின் முகமாகச் சுருங்கியிருந்தது. "நான் அங்கயே சொல்லியிருக்கணும். அந்த அம்மா அழுதுட்டாங்க, அப்புறம் வாய் வரலை." கொஞ்சம் தயங்கினார். "அந்தச் சக்கரை..."

"அது எங்க அம்மா."

அவர் கைகூப்பினார். தாமோதரனுக்கா, அவன் அம்மாவுக்கா என்று தெரியவில்லை. "உங்க தம்பியை ஒரு நிமிஷம் பார்க்கலாமா? என்னோட அடுத்த நாவல்ல ஒரு முடிச்சு விழுந்து நிக்குது."

"அவனுக்கு நேரமில்ல சார்," என்றான் தாமோதரன். அவன் குரல் கொஞ்சம் மிடுக்காகவே வந்தது. "நாளைக்குப் புதுப் புஸ்தகம் ஆரம்பிக்கணும்."

ஜீப் போனது. வெயில் சாய்வதற்குள் அண்ணனும் தம்பியும் வயல் வரப்பில் நடந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். வல்சன் முன்னால் போனான். செருப்பை இப்போதுதான் கையில் எடுத்திருந்தான்.

"ஏட்டன் பக்கத்தைச் சொன்னப்ப எனக்கு உசிரே போயிருச்சு."

"போகலையே. நடந்துதானே வர்றே?"

தம்பியிடம் சொல்ல தாமோதரன் நல்லதாக ஒரு வாக்கியம் யோசித்துக்கொண்டே வந்தான். சாயாக்கடை நன்றாக இருந்தது என்றோ, கோர்ட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றோ. இப்படிப்பட்டவற்றைச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"நாளைக்கு எடுக்கிற புஸ்தகம் எத்தனை பக்கம்?" என்றான்.

"இருநூத்திப் பன்னிரண்டு. இந்தத் தடவை எண்ணிப் பார்த்துட்டேன்."

"சாவு இருக்கா?"

வல்சன் திரும்பிப் பார்த்தான். அண்ணன் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. "இருக்கு ஏட்டா. மூணு."

தாமோதரன் வரப்பில் நின்றான். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டான்.

"ஒருத்தரைச் சாக விடு," என்றான். "இல்லன்னா சந்தேகம் வரும்."